வெள்ளிக்கிழமைச் சாவி

தேத்தண்ணி ஆறுகிறது, சிறிதரன். முதலில் குடியுங்கள். நீங்கள் சொல்லியிருந்தால் நானே பரமட்டாவுக்கு, உங்கள் அலுவலகத்துக்கு வந்திருப்பேன். இங்கே வெஸ்ட்மீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? ஒரு சட்டத்தரணி வீடு தேடி வருவது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ஹனானுக்காக வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். போன மாதம்தான் என் கட்டுரை அவர் கண்ணில் பட்டதாம்.

எங்கள் துறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செய்திகளை மற்றவர் வாசிக்க முடியாதபடி கணிதத்தால் பூட்டுவதுதான் என் வேலை. ஆனால் பூட்டுச் செய்பவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்தவன் பூட்டை உடைத்துக் காட்டுகிறவனுக்குத்தான் பேரும் பதவியும். ஐம்பத்தொரு வயதிலும் பல்கலைக்கழகத்தில் வருடாவருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று காத்திருந்தேன். என்னிடம் படித்தவர்களெல்லாம் எனக்கு மேலே போய்விட்டார்கள். களைத்துப்போயிருந்தேன். அதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஹனானும் என்னிடம் படித்தவர்தான். அவர் 'நானா' என்று கூப்பிடும் அண்ணன் ஸஃப்வான், கொழும்பில், பிள்ளைகளைத் தொலைத்த தாய்மாரிடம் வாக்குமூலம் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அது வேண்டாதவர் கையில் அகப்பட்டால் அவர் உயிருக்கே ஆபத்து. அதற்காக ஹனான் கணினி நிரலாக ஒரு பூட்டு எழுதினார். 2012 தொடக்கத்தில் அதை என்னிடம் கொண்டுவந்தார். நோன்புக் கஞ்சி கொண்டுவருவதுபோல அவ்வளவு பக்குவமாக.

"சேர், ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ. நீங்க சரி எண்டாத்தான் நானாக்கு அனுப்புவன்."

எங்களிடம் அப்படி ஒரு வழக்கம். தன் பூட்டைத் தானே நம்பக்கூடாது, இன்னொருவர் பார்க்க வேண்டும்.

பார்த்தேன். பூட்டு நல்ல பூட்டு. ஆனால் சாவியைக் கணினியின் கடிகாரத்தை மட்டும் வைத்து வெட்டியிருந்தார். சாவி எப்போது வெட்டப்பட்டது என்று ஓரளவு தெரிந்தால் போதும், கணினி ஒவ்வொரு நொடியாகப் போட்டுப் பார்த்துச் சாவியைக் கண்டுபிடித்துவிடும். திருத்துவதற்கு ஒரே ஒரு வரி போதும்.

"சரியா இருக்கு, பிள்ளை. அனுப்புங்கோ" என்றேன்.

திருத்திவிட்டால் உடைப்பதற்கு எதுவும் இருக்காதே. யாரும் பயன்படுத்தாத பூட்டை உடைத்தேன் என்று எழுதினால் எந்த மாநாடு என் கட்டுரையை எடுக்கும்?

சில மாதம் கழித்து ஹனான் சிரித்துக்கொண்டே சொன்னார். "நானா சரியான மறதி, சேர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சு வீட்ட வந்த உடன சாவி மாத்தோணும் எண்டு பழக்கி வச்சிருக்கன்."

அந்த வார்த்தை எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல. பரிசோதிக்கவென்று ஹனான் தந்திருந்த, ஸஃப்வான் அனுப்பிய பூட்டிய செய்தியொன்று என்னிடம் இருந்தது. வெள்ளி மதியத்துக்குப் பிந்திய நேரங்களைக் கொடுத்துப் பார்த்தேன். திறந்தது. ஒரு தாய் தன் மகனை எங்கே கடைசியாகக் கண்டார் என்று சொல்லியிருந்தார். நான் முழுவதும் வாசிக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தை வாசிக்கிற ஆள் இல்லை நான்.

பிறகு, வேறொரு நாட்டில் ஒருவர் இதே பிழையைப் பற்றி எழுதுவதாகக் கேள்விப்பட்டேன். முந்தியவனுக்குத்தான் பெயர். கட்டுரையை உடனே இணையத்தில் ஏற்றினேன். உதாரணம் இல்லாமல் நம்பமாட்டார்கள் என்பதால், கொழும்பில் ஒருவர், வெள்ளித் தொழுகை முடிந்ததும் சாவி மாற்றுகிறவர் என்று எழுதினேன். பூட்டின் பெயரையும் எழுதினேன். ஆளின் பெயரை எழுதவில்லை. அந்த விஷயத்தில் நான் கவனமானவன்.

ஹனானிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றே திருத்தியிருப்பார்.

அந்த மாதமே ஸஃப்வானை வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். யார் என்று தெரியாது. அவருடைய செய்திகளிலிருந்த தாய்மார் இருவரின் வீடுகளுக்கும் ஆட்கள் போனார்களாம். அவர் இன்னும் திரும்பவில்லை.

ஹனான் இங்கே வந்து, நீங்கள் இருக்கும் அதே கதிரையில் இருந்து அழுதார். "நான்தான் எங்கயோ பிழை விட்டுட்டன், சேர். என்னாலதான் நானா போனான்."

"பிழை எல்லாருக்கும் வாறதுதான், பிள்ளை" என்றேன். ஒன்றரை வருடமாக அவர் அதை நம்பிக்கொண்டிருந்தார். நானும் மறுக்கவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

இந்த வருடம் மெல்பேர்ண் மாநாட்டில் கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது. பேராசிரியர் பதவியும் வந்தது. நினைத்த அளவு சந்தோஷம் இல்லை. உடம்பில் தெம்பு இல்லாதபோது வந்தது.

கேட்டதெல்லாம் சொல்லிவிட்டேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் ஹனானிடம் கேட்டுச் சொல்லுங்கள். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், உதவியவர்களுக்கு நன்றி சொல்லுமிடத்தில், அவருடைய பெயரைத்தான் முதலில் போட்டிருந்தேன். அதை அவர் பார்க்கவில்லையா?