மூணு பேரா நிக்கப்பிடாது

கதவு சாத்தியாச்சா மேடம்? கொண்டியும் போட்டிருங்க. காத்து வேண்டாம், எனக்கு இந்த ஃபேன் போதும். வெளிய பெஞ்சுல எனக்க மவன் இருக்கான் பாத்துக்கிடுங்க. அவனுக்குச் சின்னதுலேயே பாம்புச் செவி. நான் உள்ள வரும்போது உங்க பியூன்கிட்ட என்னமோ சிரிச்சுப் பேசிட்டு நின்னான். முன்னாலயே பழக்கம் உண்டா ரெண்டு பேருக்கும்? செரி, இல்லேன்னா இல்ல. கேட்டேன், அவ்வளவுதான்.

குடும்பக் கோர்ட்டு கவுன்சிலர் மேடத்துக்கு ஊரு தக்கலைன்னு கேட்டதும் ஒரு சமாதானம். மலையாளம் எனக்கு நல்லா வரும். திருவனந்தபுரம் ஆரியசாலையில நாப்பது வருசம் மொளகா வத்தல் கடை நடத்துனவனுக்கு வராம இருக்குமா? ஆனா இந்தச் சங்கதிய தமிழ்லதான் சொல்ல முடியும். அது என்ன மேசை மேல, உங்க போனா? பேசுறத எடுக்குதோ? இல்லையா. கோவிச்சுக்கிடாதீங்க, அதைக் கொஞ்சம் பைக்குள்ள வச்சிருங்க. காரணம் உண்டு, சொல்லுதேன். கறுத்துக் கெடக்குற போனைக் கண்டா இப்பல்லாம் எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆகிப் போவுது.

ஆமா, நான் தாணுலிங்கம், வினீத்துக்க அப்பா. பையனுக்க அப்பன் வந்து என்ன சொல்லுவான்னு உங்களுக்குத் தெரியும். மருமவளை நல்லபடியா சேத்து அனுப்பி வைங்கன்னு சொல்லுவான். அதுக்குத்தானே அவன் என்னைக் கார்ல ஏத்திக் கூட்டிட்டு வந்திருக்கான். சனியாச்சை ஃபிளைட்டு, ரெண்டு டிக்கெட்டு போட்டாச்சு. பெண்டாட்டி கூட வந்து வாழணும்னு கேசு குடுத்ததும் அவன்தான். மருமவ அஞ்சுவும் மனசு எளகிட்டா. இன்னைக்கு உங்க முன்னால அவ ஒரு ஒப்பு, கையெழுத்து, போட்டுட்டா முடிஞ்சுது, பிள்ளை போயிருவா. தெரியும் மேடம், பேப்பர் அன்னா மேசையில இருக்கு, நானும் பாத்துட்டுதான் இருக்கேன். அதுக்கு முன்னால ஒரு பத்து நிமிசம் எனக்குத் தரணும்.

அடிப்பானான்னா கேட்டீங்க? ச்சே, கை ஓங்க மாட்டான். ஓங்கியிருந்தா ஒரு அடையாளம் இருக்கும்லா? சிரிச்சுக்கிட்டே இருப்பான். இங்க கழக்கூட்டத்துல, கம்ப்யூட்டர் கம்பெனியில, நல்ல வேலையில இருந்த பிள்ளை அவ, கல்யாணத்துக்காக விட்டுட்டு அமெரிக்கா போனா. முதல் வருசமே ஒரு நாள் எனக்குப் போன் போட்டா. மாமா, அவரு ஒண்ணும் செய்யல்ல, ஆனா எனக்குப் பேடியா, பயமா இருக்குன்னா. நான் என்ன செய்தேன் தெரியுமா? புது இடம், தனிமை, அதான்னு சொன்னேன். உலகம்மை, எனக்க வீட்டுக்காரி, சாம்பார்ப் பொடி வறுத்து அரைச்சு பார்சல்ல அனுப்பினா. பேடிக்குது மாமான்னு சொன்ன பிள்ளைக்கு நாங்க சாம்பார்ப் பொடி அனுப்புனோம் மேடம். இப்ப நெனைச்சாலும் வெக்கமா இருக்கு.

வாரேன், விசயத்துக்குத்தான் வாரேன். போன வருசம் அக்டோபர்ல நானும் உலகம்மையும் அங்க போயிருந்தோம். ஒரு நாள் வினீத் சொல்லுதான், அப்பா, பாலைவனத்துல ஒரு பெரிய பள்ளத்தாக்கு இருக்கு, உலகத்துல இருந்து ஆளுங்க வந்து பாக்குத இடம், அதுக்க விளிம்பு வழியா நடக்கலாம்னு. எனக்கு அப்பவே ஒரு இது. பத்து வருசமா எங்கிட்ட சேந்தாப்ல ரெண்டு வார்த்தை பேசாதவன் பாத்துக்கிடுங்க. திடீர்னு அப்பா அப்பாங்கான். வெள்ளைத் தொப்பி வாங்கித் தாரான். குனிஞ்சு எனக்க ஷூவுக்குக் கயிறு கட்டுதான்! மூடையில மேல கெடக்குத வத்தல் எப்பவும் செவந்து நல்லாத்தான் இருக்கும். குத்தூசி போட்டு அடியில இருந்து நாலு வத்தல் எடுத்துப் பாக்காம நான் ஒரு லோடும் எறக்குனது இல்ல. ஆனா சொந்தப் பிள்ளைகிட்ட குத்தூசி போட முடியுமா? உலகம்மை வேற, மவன் மாறிட்டான்னு கண்ணைத் தொடைக்கா.

ஆறு மணி நேரம் கார்ல இருந்ததுல அவளுக்கு முட்டு வீங்கிப் போச்சு. மறுநாள் காலையில ரூமை விட்டு எறங்க மாட்டேன்னுட்டா. நானும் அவ கூட இருக்கேன்னேன். இவன் விடவே இல்ல. அம்மா இருக்கட்டும், நீங்க வந்தே ஆகணும் அப்பா, நீங்க இல்லாம பற்றில்ல, முடியவே முடியாதுன்னு நிக்கான். அந்த வார்த்தைய மட்டும் மனசுல வச்சுக்கிடுங்க. அப்புறம் சொல்லுதேன்.

நீங்க பொன்முடி போயிருப்பீங்க. கல்லாறு தாண்டி ஏறுனா மேகம் வந்து பள்ளத்தை மூடிரும், ஆழம் தெரியாது, பயமும் தெரியாது. அங்க ஒண்ணும் மூடாது மேடம். ஒரு மேகம் இல்ல. கண்ணு எட்டுற தூரம் வரைக்கும் செவப்புப் பாறை, அடுக்கு அடுக்கா, ஒவ்வொண்ணும் ஒரு நெறம். அந்த ஆழத்துல ஒரு ஆறு ஓடுதாம், தையக்காரன் கத்தரிச்சுப் போட்ட நூலு மாதிரிதான் கண்ணுக்குத் தெரியுது. வேர்க்காது. வேர்வை வாரதுக்கு முன்னாலேயே காஞ்சு போவுது. உதடு வெடிச்சுச் சோர, ரத்தம் வந்துட்டு எனக்கு. நல்ல இடம்தான், பொய் சொல்லப்பிடாது. ஒரு வளைவுல நின்னு நான் கையெடுத்துக் கும்பிட்டுட்டேன்.

முதல்ல ஒரு மைல் தூரத்துக்கு இரும்புக் கம்பி வேலி உண்டு, ஆளுங்க உண்டு. அங்க நின்னு பாக்கலாம்லான்னு அஞ்சு கேட்டா. இவன் சொல்லுதான், வேலி இருக்க இடத்துல வியூ நல்லா இருக்காது, இன்னும் போணும்னு. போனோம். வேலி முடிஞ்சுது. சும்மா ஒரு மண்ணு பாதை, ஒரு பக்கம் குத்துச்செடி, மறுபக்கம் ஒண்ணுமே இல்ல. நான் பாத்துட்டே வாரேன், இவன் அவளை எப்பவும் பள்ளத்துப் பக்கமா நடக்க வச்சுட்டு வாரான். மக்களே அஞ்சு, இந்தப் பக்கமா வான்னு நான் ரெண்டு தடவ சொன்னேன். சிரிச்சுக்கிட்டே அவளை அந்தப் பக்கம் விடுதான். எனக்கே எனக்க புத்தி மேல சந்தேகம். என்ன ஓய் தாணுலிங்கம், சொந்த மவனைப் போயி இப்படிப் பாக்குதீரேன்னு என்னையே ஏசிக்கிட்டேன்.

ஒரு பாறை முன்னால நீட்டிட்டு நிக்கு. அங்க ஒரு வெள்ளக்காரி வந்தா, வயசானவ, கையில ரெண்டு கம்பு. நீங்க மூணு பேரும் நில்லுங்க, நான் எடுத்துத் தாரேன்னு சைகை காட்டுதா. பாதைக்கு உள் பக்கமா, செடி ஓரமா, நல்ல இடத்துலதான் நிக்கச் சொன்னா. இங்கதான் மேடம் நான் தப்பு பண்ணினேன். உங்க வீட்டுலயும் சொல்லுவாங்கல்லா? மூணு பேரா நின்னு போட்டோ எடுக்கப்பிடாது, ஒருத்தருக்கு ஆகாதுன்னு. எங்க குடும்பத்துல மூணு பேரு நிக்குத போட்டோ ஒண்ணு கூடக் கெடையாது. பக்கத்துல ஆளு இல்லேன்னா ஒரு பூனையவாது பிடிச்சு நிறுத்துவோம். நான் வேண்டாம் வேண்டாம்னு கைய ஆட்டிட்டு விலகிட்டேன். அந்தப் பாவம் சிரிச்சுட்டு அவ வழிக்குப் போயிட்டா. அவ வளைவு திரும்புத வரைக்கும் வினீத் பாத்துட்டு நின்னான். அப்புறம் சொல்லுதான், செரி அஞ்சு, நீ தனியா நில்லு, அந்தப் பாறையில.

நான் அவனுக்குப் பின்னால, ஒரு ரெண்டு அடி தள்ளி நிக்கேன். அவன் போனைத் தூக்கிப் பிடிச்சான். கொஞ்சம் பின்னால போ. இன்னும் கொஞ்சம். முழுசா வரல்ல, இன்னும் ரெண்டு ஸ்டெப்பு. அவ அவன் மொகத்தப் பாத்துச் சிரிச்சுட்டே பின்னால பின்னால போறா. நான் போட்டேன் ஒரு கூப்பாடு, அஞ்சூன்னு. இந்தத் தொண்டையில இருந்து அப்படி ஒரு சத்தம் வரும்னு எனக்கே தெரியாது. அவ நின்னுட்டா. குதிகாலு பட்டு ரெண்டு மூணு கல்லு உருண்டு கீழ போச்சு. அது விழுத சத்தம் கேக்கும்னு நான் காத்து நின்னேன் மேடம். கேக்கவே இல்ல.

அவனா? சிரிச்சான். அப்பா பேடிச்சுப் போயிட்டாருன்னு சொல்லி அவளைக் கைபிடிச்சுக் கூட்டிட்டு வந்தான். சும்மா வெளையாட்டுக்குன்னு அவளும் நம்பிட்டா, இன்னைக்கும் அப்படித்தான் நம்புதா. ராத்திரி சாப்பிடும்போது பாத்தா, அன்னைக்கு எடுத்தது ஒரு பாடு போட்டோ, செடி, காக்கா, அணிலு எல்லாம் இருக்கு. அந்தப் பாறையில நின்னது மட்டும் இல்ல. கேட்டேன். நீங்க கூப்பாடு போட்டீங்கல்லா, எடுக்கல்லன்னான். அத்தன நேரம் சிரி சிரின்னு சொல்லிப் பிடிச்சிட்டு நின்னவன், ஒண்ணு கூடவா எடுத்திருக்க மாட்டான்?

அதுக்கு முந்தின வாரம்தான் அவ, நான் ஒரேடியா ஊருக்குப் போயிருதேன்னு அவன்கிட்ட சொல்லியிருக்கா. இது பொறவு அவ வாயாலேயே எனக்குத் தெரிஞ்சுது. அதுதான் காரணமோ, வேற என்னவோ, அடியில என்ன கெடக்குன்னு எனக்குத் தெரியாது. தெரியாதத நான் சொல்ல மாட்டேன்.

உலகம்மைக்கு முட்டு முடியல்ல, பிளைட்டுல பிடிச்சு நடத்த ஆளு வேணும், ஒரு மாசத்துல அனுப்பிருதேன்னு பொய் சொல்லி நான்தான் அவளைக் கூட்டிட்டு வந்தேன். வந்து எட்டு மாசம் ஆச்சு. ஒவ்வொரு மாசமும் ஒரு சாக்கு. இனிமே எங்கிட்ட சாக்கு இல்ல மேடம்.

என்ன, வயசானவன் எதையோ கண்டு மெரண்டுட்டான்னு தோணுதா? தோணட்டும். எல்லாரும் போட்டோவுக்குப் பின்னால போன்னு சொல்லுறதுதான். நானும் அதையேதான் எனக்குச் சொல்லிப் பாத்தேன். ஆனா நான் பின்னால நின்னேன்னு சொன்னேன்லா? அந்தப் போனு எனக்குத் தெரிஞ்சுது. அதுல அஞ்சு இல்ல, பாறை இல்ல, பள்ளத்தாக்கு இல்ல. போனு அணைஞ்சு கெடந்துது மேடம். கறுப்பா. எனக்க வெள்ளைத் தொப்பிதான் அதுல தெரிஞ்சுது.

வெயில் கூசி அப்படித் தெரிஞ்சிருக்கும்னு சொல்லுவீங்கன்னு தெரியும். எட்டு மாசமா அதைத்தான் நானும் பிடிச்சுத் தொங்கிட்டு இருந்தேன். மேட மாசத்து, நம்ம சித்திரை, உச்சி வெயில்ல, வத்தல் காயப் போடுத மொட்டை மாடியில, அதே தொப்பியப் போட்டுட்டு நின்னு பாத்திருக்கேன். கடைப் பையன் சிவதாணுவைப் போனைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, அதே மாதிரி பின்னால ரெண்டு அடி தள்ளி நின்னு, ஒரு தடவ இல்ல, இருவது தடவ. கேமரா ஓடுனா மங்கலாவாவது எதிர்ல உள்ளது தெரியும். அணைச்சுப் பிடிச்சா மட்டும்தான் தொப்பி தெரியுது. தெரியக்கூடாது தெரியக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டுதான் ஒவ்வொரு தடவயும் பாத்தேன். பெத்த வயிறு எரியும்னு பெண்டுக சொல்லுவாங்க, எனக்கு எரியுது மேடம். உலகம்மைகிட்ட இன்னும் சொல்லல்ல. இங்கேர்ந்து போயிதான் சொல்லணும்.

தண்ணி வேண்டாம். இருக்கட்டும். நான் அழல்ல.

நீங்க இல்லாம பற்றில்ல அப்பான்னானே, அதை மனசுல வச்சுக்கிடுங்கன்னு சொன்னேன்லா? எதுக்குன்னு கொஞ்ச நாளு எனக்குப் பிடிபடல்ல. அவளே கால் வழுக்கி விழுந்தா, நான் கண்ணால கண்டேன்னு போலீசுக்குச் சொல்ல ஒரு ஆளு வேணும்லா. பெத்த அப்பன் சொன்னா யாரு சந்தேகப்படுவா? சாட்சிக்குன்னே கூட்டிட்டுப் போயிருக்கான் மேடம். செரி, சாட்சிதானே, சொல்லிருவோம்னு வந்துட்டேன். இது கவுன்சிலிங்தான், கோர்ட்டுல சாட்சிக் கூண்டு வேறன்னா, அங்கயும் வந்து இதையே சொல்லுதேன்.

அந்த ஒப்பு போடுத பேப்பரை அலமாரியில வச்சுப் பூட்டிருங்க. அஞ்சுவை முதல்ல உள்ள கூப்பிடுங்க, தனியா. அப்புறம் எனக்க பேரை எழுதிக்கிடுங்க. தாணுலிங்கம், வயசு அறுவத்தி ஏழு. பையன் பக்கம்னு இருக்கதை வெட்டிருங்க, பொண்ணு பக்கம்னு போடுங்க.