கட்டிப்போட்ட கழுதை

– வாயை நல்லா திறங்க... இன்னும்... ஆங், அப்படியே. ஏழு புத்தகம் சார்! ஏழு! கடைசியில இப்படியா கவுத்துவான் அதை எழுதின ஆளு?

– ங்ஆ...

– வலிச்சா கையைத் தூக்குங்க.

– ம்ஹும்.

– அப்போ கேளுங்க. பல்லு பிடுங்குறவளுக்கு மாயக்கதை எதுக்கு, சொல்லுங்க? பொண்ணுக்குப் படிச்சுக் காட்டப் போயி, நானே விழுந்துட்டேன். எல்லாம் அந்தக் கழுதையால.

– ஆவ்வ்?

– கழுதைதான் சார். றெக்கை வச்ச கழுதை. ஆறு புத்தகமா இளவரசியை முதுகுல சுமக்குது. ஆறாவது முடியுறப்போ மலை உச்சியில ஒரு மரத்துல அதைக் கட்டிட்டு, 'நான் வர்ற வரைக்கும் இங்கேயே நில்லு'ன்னுட்டுப் போறா. முழுங்காதீங்க, துப்புங்க.

– த்தூ... டாக்டர், அது வந்து...

– ஸ்ஸ்... பேசக்கூடாது. திறங்க. ஏழாவதுல சண்டை நடக்குது, முடி சூட்டுறாங்க, கல்யாணமும் ஆகுது. விருந்தை மட்டும் பக்கம் பக்கமா அளக்குறான். கழுதை? மூச்! ஒரு வரி கிடையாது!

– ங்ங்... ங்ஆ!

– பாருங்க, உங்களுக்கே கோவம் வருது. அவனை ஒரே ஒரு நாள் இந்த நாற்காலியில உக்கார வச்சா போதும் சார்... அட, எதுக்கு நெளியுறீங்க? இது சும்மா தண்ணி பீச்சுறது.

– ம்ம்...

– மழை பெஞ்சா என் பொண்ணு ஜன்னல்கிட்ட போய் நின்னுக்கிறா. 'அம்மா, அது நனையுமே... அவுத்து விட யாருமே இல்லையா'ங்கிறா. இப்போ எந்தப் புத்தகத்தையும் தொட மாட்டேங்கிறா. படிக்காம தூங்கவே தூங்காத பொண்ணு சார் அது...

– ங்... ங்ங்...

– என்ன, கண்ணுல தண்ணி? மரத்துப் போற ஊசிதான் போட்டேனே?

– ம்...

– சரி, முடிஞ்சுது. கொப்புளிங்க.

– டாக்டர்... துணிக்கடை வச்சிருக்கேன்னு சொன்னேன்ல?

– ஆமா.

– பொய். அந்தக் கதையை எழுதின ஆளு... நான்தான்.

– அடடே.

– திட்டுங்க. வேணும்னு விடல டாக்டர். மறந்துட்டேன்! அச்சாகி வந்தப்புறம்தான் பகீர்னுச்சு. ஒருத்தரும் கேக்கல. அப்பாடா, தப்பிச்சோம்னு கமுக்கமா இருந்துட்டேன்.

– ஒருத்தி கேட்டுக்கிட்டுதான் இருக்கா.

– ம்... ஆமா, நான் யாருன்னு சொல்றேன், உங்களுக்கு ஆச்சரியமாவே இல்லையா?

– தாடி வச்சா ஏமாந்துருவேனா? பின்னட்டை போட்டோவுல ஈன்னு சிரிக்கிறீங்களே, ஓரம் உடைஞ்ச அந்த முன்பல்லு... நீங்க வாயைத் திறந்ததுமே தெரிஞ்சு போச்சு. இன்னைக்கு வச்சது தற்காலிக அடைப்புதான். அடுத்த வாரம் அந்தக் கழுதையை அவுத்து, எழுதிக் கொண்டாங்க. என் பொண்ணு படிச்சுட்டு சரின்னு சொல்லட்டும்... அப்புறம் பல்லை முழுசா அடைக்கிறேன்.