மருதமுனைத் தறிக்கூடத்தின் அடிமண்

"ஹலோ... ஹலோ, மர்சூக் மச்சானா? நான் ஜெமீல் கதைக்கிறன்... ஓம், ஓம், கெம்பஸ்ல இரிந்துதான். ட்ரங்க் கோல், கட்டாகிடும், கேளுங்க... இல்ல மச்சான், வாழ்த்துச் சொல்ல எடுக்கல்ல. தறிய நிப்பாட்டுங்க... இப்பயே. எல்லாத் தறியையும்."

பல்கலைக்கழகத்தில் ஜெமீலின் மேசையில், நிலத்துக்குள் இறக்கி எடுத்த குழாயிலிருந்து தள்ளிய மண் நீளமாகக் கிடந்தது. மேலே ஐந்தடி கடற்கரை மணல். அதற்குக் கீழே கறுத்து ஊறிப்போன நெல் உமி. மருதமுனையில் மச்சான் கட்டி, அன்று காலை திறந்துவைத்த மாடித் தறிக்கூடத்தின் ஓரத்தில் தோண்டியது அது. யப்பானில் ஆறு வருடம் பூமியதிர்ச்சியையும் மண்ணையும் படித்துக் கலாநிதிப் பட்டத்தோடு திரும்பிய ஜெமீல், தன் ஆராய்ச்சிக்காக மாணவர்களை அனுப்பி எடுப்பித்த மண். குழாய் அன்றுதான் வந்து சேர்ந்திருந்தது.

"...உமி மச்சான், உமி! முந்தி அந்த வளவில இரிந்த நெல் மில்லுக்காரன் பள்ளத்த உமியால நிரப்பி மேல மணலப் போட்டிரிக்கான்... பூமி அதிரத் தேவல்ல. நாப்பது தறி ஒண்டா அடிச்சாக் காணும். மாரி மழையும் ஊறி இரிக்கி... சிரிக்காதீங்க. மணல் தண்ணி மாதிரி ஓடினத நான் யப்பான்ல கண்ணால கண்டவன்."

மறுமுனையில், மச்சான் நின்று பேசிய அவருடைய கடைக்கு எதிரே, கூடத்தில் தறிகள் அடிப்பது அவனுக்குக் கேட்டது. தடக், தடக்.

"...என்ன, பைப் வெடிச்சிட்டா? எங்க?... தூணடியிலயா? தண்ணி தெளிவா வருதா, மணலோட கொப்பளிக்குதா?... மணலோடயா?"

அவன் எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் சாய்ந்தது.

"மச்சான், அது பைப் இல்ல. பொண்டுகள வெளிய எடுங்க... எந்தக் கடுதாசி?"

அவன் குரல் இறங்கிப்போனது. இந்த நிலம் மாடிக் கட்டடத்தைத் தாங்கும் என்று சென்ற வருடம் எழுதிக் கையெழுத்திட்டவன் அவன்தான். ஒரு பிடி மண்ணைக்கூடப் பார்க்கவில்லை. மச்சான் கேட்டார், கொடுத்தான்.

"...ஓம். நான்தான் தந்தன். பாக்காமத்தான் எழுதினன்... பிறகு ஏசுங்க, எவ்வளவெண்டாலும் ஏசுங்க. உள்ளுக்க ஸுலைஹா இரிக்கா மச்சான், உங்கட பொண்டாட்டி, என்ட தங்கச்சி. ஓடுங்க!... ஹலோ?... எக்ஸ்சேஞ் மிஸ், லைனக் கட் பண்ணாதீங்க, இன்னும் மூண்டு நிமிஷம் தாங்க மிஸ்..."

மச்சான் வைக்காமல் போட்டுவிட்டு ஓடிய ரிசீவரில், தறிகள் ஒவ்வொன்றாக ஓய்வது கேட்டது. ஒன்று மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு பெண்களின் அலறல். அதற்கு மேலாக, லொறியிலிருந்து கல்லைக் கவிழ்த்ததுபோல ஒரு நீண்ட ஓசை. அந்த ஒற்றைத் தறியும் நின்றது.

"ஹலோ! ஆராவது எடுங்க!... ஆரு, ஸுலைஹாவா? யா அல்லாஹ்!... ஓம், ஓம், அழாத தங்கச்சி. எல்லாரும் வெளியயா? எண்ணினீங்களா?... றம்ஸியாட கால் மட்டுமா நசுங்கினது? ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டாங்களா?... கூடம்?... முழுசா விழுந்திட்டா?"

அவளுக்குப் பின்னால் ஆண்களின் கூச்சல் பெருகிக்கொண்டு வந்தது.

"...ஆர அடிக்கிறாங்க? மச்சானையா?... பள்ளிவாசல் தலைவர் அங்க நிக்கிறாரா? அவர்ட்டக் குடு, கெதியாக் குடு... அஸ்ஸலாமு அலைக்கும், அபூசாலி ஹாஜி. மச்சான விடச் சொல்லுங்க. மண் நல்லமெண்டு எழுதினவன் நான்... அவர் கேட்டார்தான். பாத்திட்டு எழுதவேண்டியவன் நானெல்லா?... ஓம், உத்தியோகம் போகும், தெரியும். நாளைக்கு வாறன், எல்லாருக்கும் முன்னால சொல்றன்... ஹாஜி?... நீங்க ஆரு கதைக்கிற? ஹாஜி எங்க?... ஓம், நான்தான் ஜெமீல்... ஓம், நாளைக்குத்தான்... எந்த பஸ்ஸிலயெண்டு எதுக்குக் கேக்கிறீங்க?... ஹலோ?"

அந்தப் பக்கத்தில் யாரோ ரிசீவரை மெதுவாக வைத்துவிட்டார்கள்.