பிரிந்து வாழும் தேதி

கார்ஹிங் போகும் ரயிலில், எனக்கு எதிரே ஒரு இளம் தம்பதி. கணவன் கையில் வரி அலுவலகக் கடிதம்.

“நாம எப்ப பிரிஞ்சோம்?”

“பிரியலையே.”

“படிவத்துல, ‘பிரிந்து வாழத் தொடங்கிய தேதி’ன்னு கேட்டதுக்கு அக்டோபர் ஒண்ணுன்னு போட்டிருக்க.”

“அன்னைக்குத்தானே ஸ்டுட்கார்ட்ல வேலைக்குச் சேர்ந்தேன். நீ இந்த மாநிலம், நான் அந்த மாநிலம். உண்மையத்தானே எழுதினேன்.”

“அது உறவு முறிஞ்சவங்க எழுதுற இடம்டி. இப்ப ரெண்டு பேரும் சேர்த்து வரிக்கணக்கு காட்ட முடியாதாம்.”

“நீயும்தானே கையெழுத்துப் போட்ட?”

“நீ சரியா எழுதியிருப்பேன்னு நம்பினேன்.”

“அப்ப இனிமே நம்பாத.”

“சரி, நம்பல.”

பக்கத்தில் இருந்த ஒரு யாழ்ப்பாணத்து அக்கா திரும்பினார்.

“தம்பி, ரெண்டு பேரும் சேர்ந்தே வரி அலுவலகத்துக்குப் போங்கோ. பிரிஞ்ச சனம் இப்பிடி ஒட்டி இருந்து சண்டை பிடிக்காது எண்டு அவைக்கே விளங்கும்.”