ஏழாம் பக்கத்து வரி

பயிற்சி வகுப்புகள் எனக்கு எப்போதுமே பிடிக்கும், ஐயா. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எல்லோரையும் மனம்விட்டுப் பேசச் சொல்வார்கள். அப்போது முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும், நேரம் போவது தெரியாது.

எங்களுடையது குளிர்பதனக் கிடங்கு. நான் மேலாளர், எனக்குக் கீழே பதினொரு பேர். ஆறு மாதத்தில் நான்கு பேர் வேலையை விட்டுப் போனதால், நிர்வாகத்தைச் சீர்படுத்தவும் எனக்குத் தலைமைப் பண்பு சொல்லித்தரவும் முதலாளி ஓர் ஆலோசகரை அனுப்பினார். நாற்பது வயதுப் பெண்மணி, நிதானமான குரல். ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.

"யார் சொன்னாங்கன்னு எழுத மாட்டேன் சார். என்ன சொன்னாங்கன்னு மட்டும்தான் எழுதுவேன்" என்றார்.

"அதுதான் முறை மேடம்" என்றேன்.

அறிக்கையில் என்னைப் பற்றி நல்லதும் இருந்தது. ஏழாம் பக்கத்தில் ஒரு வரி: 'மேலாளர் திட்டினால் பயமில்லை, சிரித்தால்தான் பயம்.'

எனக்குக் கோபம் வரவில்லை. யார் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். மூன்று வாரம் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன். டிரைவர் திருப்பிச் சிரித்தார். கணக்கர் எனக்கு முன்னாலேயே சிரித்தார். என் மாப்பிள்ளை மட்டும் தரையைப் பார்த்தார். அவர் என் தங்கையின் கணவர், கிடங்குப் பொறுப்பாளர். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். கூடவே இருந்து குழி பறிப்பதென்றால் இதுதானே, ஐயா?

கடைசி நாள் வகுப்பு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை, மாடியில். கீழே ஆள் இருக்காது.

"மாப்ள, நீங்க வகுப்புக்கு வர வேணாம். உறைநிலை அறையில பழைய தேதிப் பெட்டியெல்லாம் தனியா எடுத்து வச்சிடுங்க."

"சரி மச்சான். அரை மணி வேலைதான். ஆனா கதவை உள்ளேருந்து திறக்கிற குமிழ் இன்னும் சரி பண்ணலயே? எழுதிக் கொடுத்து ஒரு மாசமாச்சு."

"முட்டு வச்சுக்கோங்க."

கனத்த கோட்டைக்கூட அவர் எடுக்கவில்லை. ஒரு பெட்டியைக் கதவிடுக்கில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

அந்தப் பெட்டி எப்படி நகர்ந்தது என்று கேட்டீர்கள். நான்தான் காலால் தள்ளினேன். கதவு தானாகவே சாத்திக்கொண்டது. அந்த அறையில் ஃபோனுக்கு சிக்னல் கிடைக்காது.

மாடிக்குப் போனேன். அன்றைய பாடம் நம்பிக்கை. இருவர் இருவராக, ஒருவர் கண்ணைக் கட்டிக்கொள்ள, மற்றவர் நாற்காலிகளுக்கு நடுவே கூட்டிப்போக வேண்டும். நான் டிரைவரைக் கூட்டிப்போனேன். அவர் முழங்கால் ஒன்றிலும் இடிக்கவில்லை.

"பாருங்க, சார் எவ்வளவு பக்குவமா கூட்டிட்டுப் போறார்" என்றார் ஆலோசகர். பிறகு, "உங்க மாப்பிள்ளையைக் காணோமே?" என்று கேட்டார்.

"லீவு மேடம். என் தங்கச்சிக்கு உடம்பு சரியில்ல."

மதியச் சாப்பாடு மாடிக்கே வந்தது. நன்றாகச் சாப்பிட்டேன். ஐந்தரைக்குக் காவலாளி உறைநிலை அறைக் கதவைத் திறந்தபோதும் நான் பக்கத்தில்தான் நின்றேன். அடக்கத்தன்று தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள். ஈரம் காயும்வரை நான் சட்டையை மாற்றவில்லை.

துக்கம் கேட்க ஆலோசகர் வந்தார். அவரைத் தனியே அழைத்துப் போய்க் கேட்டேன்: "இனிமே என்ன மேடம், சொல்லலாமே. அந்த ஏழாம் பக்கத்து வரி அவர் சொன்னதுதானே?"

வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார். அவர்தான் உங்களிடம் வந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

"ஒருத்தர் சொன்னதை நான் அறிக்கையில சேர்க்க மாட்டேன் சார்" என்றார். "பதினொரு பேரும் சொன்னாங்க. அதனாலதான் எழுதினேன்."

பதினொரு பேரும் என்றால் மாப்பிள்ளையும் சொல்லியிருக்கிறார், ஐயா. அன்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன். ஆள் மாறிப்போயிருந்தால் என் மனசாட்சி என்னைச் சும்மா விட்டிருக்காது.