பெரட்டில் கூப்பிடாத பேர்

மேலே சத்தம். வண்டு பறக்கிற சத்தம். முதலில் மெல்ல. பிறகு தலைக்கு நேரே. ட்ரோன். நான் பதுங்கு குழியில் இருக்கிறேன். தம்பி சுரேஷ் வெளியே. இரண்டு கைகளிலும் தண்ணீர்க் கேன். நான் எழுந்து நின்று கத்துகிறேன்.

"சுரேஷ், கேனப் போட்டுட்டு ஓடியா!"

அவன் போடவில்லை. அங்கே தண்ணீர் அவ்வளவு அரிது.

"அண்ணே, நீ படு!"

அவன் பேசியது அதோடு சரி. படுத்தேன். சத்தம் நின்றது. அது நின்றால்தான் பயம். பிறகு ஒரே அடி. வலது காதுக்குள் ஒரு கீச்சு. இதை எழுதும்போதும் கேட்கிறது.

யாருடைய யுத்தம் என்று கேட்பீர்கள். எங்களுடையது அல்ல. நாங்கள் இலங்கையில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். வெளிநாட்டில் லொறி ஓட்டுகிற வேலை என்று ஹட்டனில் ஒரு ஏஜெண்ட் சொன்னான். போய் இறங்கியதும் தெரியாத மொழியில் ஒரு ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். போனைப் பிடுங்கினார்கள். துவக்கைத் தந்தார்கள். நான் ஓட்ட வேண்டிய லொறியைக் கண்ணால்கூடக் காணவில்லை.

முதலில் வந்தது நான்தான். அடுத்த தடவை சுரேஷை அனுப்புவதாக ஏஜெண்ட் என்னிடமே சொல்லியிருந்தான். அதை நிறுத்த வேண்டும். அங்கே எனக்கு வேறு நினைப்பே இல்லை.

கடிதம் எழுதலாம் என்றார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் உள்ள விலாசத்துக்கு மட்டும்தான் போகும். வரிசை வீடுகளான எங்கள் லயத்துக் காம்பராக்களுக்கு இலக்கம் கிடையாது. தோட்டத்தின் பேர், டிவிஷனின் பேர், அவ்வளவுதான் விலாசம். தபால் எல்லாம் தோட்டத்து ஆபிசுக்கு வரும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டுக் கொடுப்பார். அவசரம் என்றால் டவுனில் தெரிந்த கடையின் விலாசத்தைக் கொடுப்போம். கடைக்காரர் ஆள் விட்டு அனுப்பிவிடுவார். அந்தக் கடை விலாசத்தை இங்கே எழுத விடவில்லை. இலக்கம் இல்லாத வீட்டில் எப்படி ஆட்கள் இருப்பார்கள் என்று அதிகாரி சைகையில் கேட்டான். தோட்டத்தின் பேரை மறுபடி பெரிதாக எழுதிக் காட்டினேன்.

அம்மா பேருக்கு எழுதினேன். தம்பியை அனுப்ப வேண்டாம் என்பதுதான் முதல் வரி. அதற்குக் கீழே அரசியல். சிரிக்க வேண்டாம், குழிக்குள் கிடந்தாலும் அந்தப் புத்தி போகாது. தேர்தல் வந்துவிட்டதா என்று கேட்டேன். போன தடவை ஓட்டுக் கேட்டு வந்தவர் எல்லாக் காம்பராவுக்கும் இலக்கம் தருவதாகக் கோயில் வாசலில் சத்தியம் செய்தார். அவர் மறுபடி மாலைக்குக் கழுத்தை நீட்டினால் இலக்கம் எங்கே என்று கேளுங்கள் என்று எழுதினேன். இங்கேயும் கொடி, கூட்டம், கைதட்டு எல்லாம் உண்டு, பேச்சு முடிந்ததும் ஆட்களைச் சாகக் கூட்டிப்போகிறார்கள் என்று எழுதினேன். அவர்களில் ஒருவன் போனைக் கடிதத்தின் மேல் பிடித்து மொழிபெயர்த்து வாசிக்கப் பார்த்தான். என் கோழிக் கிறுக்கல் போனுக்குப் பிடிபடவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டான்.

பதில் இல்லை. மழை போய்ப் பனி விழுந்தது. பதில் இல்லை.

ஒரு பின்னேரம். லொறியிலிருந்து புது ஆட்கள் இறங்குகிறார்கள். அதில் சுரேஷ். அளவில்லாத பெரிய சப்பாத்து. என்னைக் கண்டதும் சிரிக்கிறான். எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. கடிதம் கிடைக்கவில்லையா என்று கேட்டேன்.

"ஒண்ணுமே வரலியே அண்ணே. நீ நல்லா இருக்கன்னுதான் அம்மா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கு."

தைப்பொங்கல் அன்று ஒரே டப்பாவில் இரண்டு பேரும் சாப்பிட்டோம். அடுத்த கிழமை அந்தத் தண்ணீர்க் கேன்.

காயம் பட்டதால் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் தோட்டத்து ஆபிசுக்குப் போனேன். கடிதம் அங்கேதான் இருந்தது. ஜன்னலோரப் பெட்டியில். உறைகூடப் பிரிக்கவில்லை. கிளாக்கர் ஐயா கெட்டவர் அல்ல. எழுந்து நின்றுதான் பேசினார்.

"அம்மாதான் பேர வெட்டிக்கிட்டுப் போயிட்டாங்களே தம்பி. செக்ரோல்ல இல்லாத பேர பெரட்டுல கூப்புடுறதில்லையே."

உண்மைதான். மகனின் வெளிநாட்டுக் காசு வரும் என்று நம்பி, நான் போன மாதமே அம்மா கொழுந்து எடுக்கிற வேலையை விட்டுவிட்டாள். செக்ரோல் என்கிற வேலைப் பதிவிலிருந்து பேரை எடுத்துவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. பக்கத்துக் காம்பராக்காரர்கள் தினமும் பெரட்டுக்குப் போனவர்கள். ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் அவர்கள் கேட்டு வந்து அம்மாவிடம் சொல்லியிருப்பார்கள்.

போனவை இவை. என் வலது காது. இடது கையில் இரண்டு விரல். எங்களோடு வந்த கொத்மலை ரவி, அவனுக்கு நடக்கப் பழகுகிற வயதில் ஒரு மகள். பட்டிப்பொலவிலிருந்து வந்த சிங்களப் பையன் நுவன், எனக்குக் குளிர் தாங்கச் சொல்லிக்கொடுத்தவன். என் தம்பி சுரேஷ். வயது இருபத்து மூன்று. உடல் வரவில்லை. வராது.

சுரேஷ் இறந்ததற்கான பத்திரம் தபாலில் வருமாம். ஒப்பந்தத்தில் உள்ள விலாசத்துக்கு. அம்மா பேருக்கு.

போன திங்கட்கிழமை அம்மா தோட்டத்தில் மறுபடி பேர் பதிந்துகொண்டாள். முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. மலை ஏற முடியவில்லை. இந்தக் காலோடு எதற்கம்மா வேலை என்று கேட்டேன். கூடைக் கயிற்றை முடிந்துகொண்டே சொன்னாள்.

"தபால் வந்தா என் பேரக் கூப்புடணுமில்ல."

இன்று காலையும் பெரட்டுக்குப் போனாள். முன்னால் நின்றாளாம். இன்றும் கூப்பிடவில்லை.