சன்னலில் பிடித்த கிணறுகள்

மயிலிட்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீற்றில், ஊர்க் கிணறுகளின் தண்ணீரைச் சோதித்து வரைபடம் வரையும் இருவர், ஒரு பெரியவரும் ஒரு இளம் பெண்ணும், இருந்தார்கள். அந்தப் பெண் ஒளி ஊடுருவும் எண்ணெய்த்தாளில் வரைந்த ஊர்ப் படங்கள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அண்ணை, கடல், மிசினுக்குப் பின்னாலை வருது."

"என்ன கதை இது?"

"சிவப்புப் புள்ளி உப்புக் கரிக்கிற சவர்த்தண்ணிக் கிணறு. நீலப் புள்ளி இறைக்கிற மிசின் பூட்டின கிணறு. ரெண்டும் ஒண்டுக்கு மேலை ஒண்டு விழுது, பாருங்கோ."

"தாள் வழுக்கியிருக்கும். கோயிலையும் சந்தியையும் பொருத்திப் பிடி."

"பொருத்தித்தான் பிடிச்சிருக்கிறன். கரையோரத்திலை மிசின் இல்லாமல் துலாவாலை இறைக்கிற கிணறெல்லாம் நல்ல தண்ணி. உள்ளுக்கை மிசின் போட்டதுதான் சவர். மிசின் இறைக்க இறைக்கக் கடல்தண்ணி நிலத்துக்கடியாலை உள்ளுக்கு வருது."

"ஓம் பிள்ளை, ஓம். ரெண்டு படத்தையும் வேற வேற மேசையிலையெல்லே விரிச்சு வைச்சுப் பாத்தனாங்கள்."

சிரித்தபடியே அவர் படத்தில் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இது எங்கடை வீட்டுக் கிணறு. சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை."

"பிறகென்ன அண்ணை, தப்பீட்டியள்."

அவர் எழுந்து மணியை அடித்தார்.

"இறங்கு, திரும்பிப் போவம். இண்டைக்குப் பின்னேரம் என்ரை தம்பி அந்தக் கிணத்துக்கு மிசின் பூட்டுறான். ரெண்டு படத்தையும் கொண்டு வா, என்ரை வாய்ச்சொல்லுக்கு அவன் மசியான்."